பட்டதாரிகளும் பயிற்சி ஊதியமும்

கலாசாலைப் படிப்பை முடித்து வெளியே வரும் வாலிபரின் முதற்கேள்வி, ‘வேலை எங்கே?’ என்பது. அதற்கு வேலை கொடுப்போர் அளிக்கும் பதில் இன்னொரு கேள்வியாகவே வருகிறது: ‘முன் அனுபவம் உண்டா?’ பைத்தியம் தெளிந்தால்தான் கல்யாணம், கல்யாணமானால்தான் பைத்தியம் தெளியும் என்ற பழமொழிக்கு இதைவிடப் பொருத்தமான உதாரணம் நம் நாட்டில் இல்லை. அனுபவமின்றி வேலையில்லை, வேலையின்றி அனுபவம் எங்கிருந்து வரும்?

இந்த முடிச்சை அவிழ்ப்பதற்கென்றே ஏற்பட்டது ‘இன்டர்ன்ஷிப்’ என்று சொல்லப்படும் அலுவற்பயிற்சி. படிக்கும் காலத்திலோ, படித்து முடித்த உடனேயோ, சில மாதங்கள் ஒரு தொழிற்சாலையிலோ அலுவலகத்திலோ இருந்து தொழிலின் நெளிவு சுளிவுகளைத் தெரிந்துகொள்வது அதன் நோக்கம். நோக்கம் நல்லதுதான். நடைமுறை என்ன? ‘சம்பளம் கிடையாது; முடிவில் ஒரு சர்டிபிகேட் தருவோம்’ என்று சொல்லும் ஸ்தாபனங்கள் ஏராளம். அதற்கும் ஒரு படி மேலே சென்று, ‘நீ இத்தனை ஆயிரம் கட்டினால் உனக்குப் பயிற்சி கொடுத்ததாக எழுதித் தருவோம்’ என்று கடை விரித்திருப்போரும் உளர். உழைப்பவன் கூலி பெறுவது உலக வழக்கம். உழைப்பவனே கூலியும் கொடுப்பது என்பது இக்காலத்தின் நூதனக் கண்டுபிடிப்பு!

இவ்விஷயத்தைத் தாம்பரத்தை அடுத்த இரும்புலியூரில் நின்றுகொண்டு யோசித்துப் பார்க்குமாறு நேயர்களை அழைக்கிறோம். தாம்பரத்திற்கும் பெருங்களத்தூருக்கும் இடையே, ஜி.எஸ்.டி. ரோட்டின் மேல் அமைந்த ஊர் இது. 2021 நவம்பரில் தாம்பரம் மாநகராட்சி உண்டானதிலிருந்து அதன் ஒரு பகுதியாக இருக்கிறது. இதைச் சுற்றிலும் நோக்கினால், தொழில் பழகுவதற்கு இடமில்லை என்று எவரும் சொல்லத் துணியமாட்டார். வடக்கே தாம்பரத்தில் ரயில்வேயின் மின்சார ரயில் பணிமனை. கடற்கரைக்கும் தாம்பரத்திற்கும் மின்சார ரயில் ஓடத் தொடங்கியது 1931-ல். அதற்கு அப்பால் 1984-ல் ஏற்பட்டு, பின்னர் விசேஷப் பொருளாதார மண்டலமாக மாறிய மெப்ஸ் ஏற்றுமதி மண்டலம். மேற்கே ஒரகடத்தின் மோட்டார் தொழிற்சாலைகள். தெற்கே மறைமலைநகரும் மஹிந்திரா உலக நகரமும். கிழக்கே வேளச்சேரியைக் கடந்தால் தரமணியும், 2000-ல் திறக்கப்பட்ட டைடல் பார்க்கும், பழைய மகாபலிபுரம் ரோட்டின் கம்ப்யூட்டர் கம்பெனிகளும்.

கல்விக்கும் குறைவில்லை. சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரி 1937-ல் தாம்பரத்திற்குக் குடிபெயர்ந்தது. குரோம்பேட்டையில் சி. ராஜம் என்ற தொழிலதிபர் தம் சொந்த மாளிகையையே விற்று 1949-ல் நிறுவிய சென்னைத் தொழில்நுட்ப நிலையம், விமானம், மோட்டார், எலெக்ட்ரானிக்ஸ் முதலிய அக்காலத்துப் புதுத் துறைகளை நம் வாலிபருக்குக் கற்றுக்கொடுத்தது. தேசத்திற்குத் தொழில் தெரிந்த இளைஞர் வேண்டும் என்பதற்காக ஒருவர் தம் வீட்டைக் கொடுத்த பூமியில், தொழில் பழக வரும் இளைஞனுக்கு மாதம் சில ஆயிரம் கொடுக்க மனமில்லாத ஸ்தாபனங்கள் இருப்பது விசனிக்கத்தக்கது.

ஊதியமில்லாப் பயிற்சியால் நஷ்டமடைவது யார் என்பதைக் கவனிக்க வேண்டும். வசதியுள்ள வீட்டுப் பிள்ளை ஆறு மாதம் சம்பளமின்றி வேலை செய்யலாம். தகப்பனார் சோறு போடுவார். அவன் சர்டிபிகேட்டுடன் வெளியே வருவான், அனுபவசாலி என்று பெயர் பெறுவான், வேலையும் பெறுவான். கடைச் சிப்பந்தியின் மகளுக்கோ, ஆட்டோ ஓட்டுபவரின் மகனுக்கோ அந்த ஆறு மாதம் எட்டாக் கனி. கல்விக் கடனுக்குத் தவணை கட்ட வேண்டும். தம்பி தங்கையர் படிக்க வேண்டும். வீட்டு வாடகை நிற்காது. ஆகவே அவர்கள் கற்ற தொழிலை விட்டுவிட்டு, உடனே கைக்கு நாலு காசு தரும் ஏதோ ஒரு வேலைக்குப் போய்விடுகிறார்கள். திறமையைச் சோதிப்பதாகச் சொல்லிக்கொண்டு பெற்றோரின் பணப்பையைச் சோதிக்கும் முறை இது. இம்முறையால் ஏழைக்கு அநீதி என்பது மட்டுமல்ல; நல்ல ஆட்களை இழக்கும் தொழிலுக்கும் நஷ்டமே.

‘நாங்கள் தொழில் கற்றுக்கொடுக்கிறோம், கற்பவன் எங்களுக்கல்லவா தக்ஷிணை தர வேண்டும்?’ என்று முதலாளிகளில் சிலர் வாதிக்கலாம். நம் பழைய பட்டறைகளின் வழக்கத்தையே அவர்களுக்குப் பதிலாகக் கூறுவோம். தச்சரிடமோ, தட்டாரிடமோ தொழில் பழக வந்த பையன் ஆசாரியின் வீட்டில் சாப்பிட்டான். தீபாவளிக்கு வேஷ்டி பெற்றான். கை தேறத் தேறக் காசும் பெற்றான். பசித்த வயிற்றுடன் எவனும் உளி பிடிக்க முடியாது என்பது அந்த ஆசாரிக்குத் தெரிந்திருந்தது. மேலும், இரண்டாம் மாதத்திலிருந்து பயிற்சியாளர் செய்யும் வேலை ஸ்தாபனத்தின் கணக்கில் லாபமாக ஏறுகிறதா, இல்லையா? ஏறுகிறதென்றால் அதில் ஒரு பங்கு அவருடையது.

இனிச் சட்டத்தைப் பார்ப்போம். நம் வாலிபருள் பெரும்பாலோர் அறியாத ஒரு செய்தி உண்டு. தொழில் பழகுவோருக்கு ஊதியம் கொடுத்தே தீர வேண்டும் என்று கூறும் சட்டம் இந்நாட்டில் 60 வருஷங்களுக்கு மேலாக இருந்து வருகிறது. அதுவே 1961-ஆம் வருஷத்திய அப்ரண்டீஸ் சட்டம். தொழிற்பழகுநர் சட்டம் என்று தமிழில் வழங்குகிறது. முதலில் பட்டறைத் தொழில்களைப் பழகுவோருக்கென ஏற்பட்ட இச்சட்டத்தில், 1973-ல் எஞ்சினீயரிங் பட்டதாரிகளும் டிப்ளமா பெற்றோரும் சேர்க்கப்பட்டனர். 2014-ல் செய்த திருத்தம் பி.ஏ., பி.காம்., பி.எஸ்ஸி. போன்ற மற்றப் பட்டங்களைப் பெற்றோருக்கும் கதவைத் திறந்துவிட்டது. பட்டம் பெற்றவர் மட்டுமல்ல, பட்டத்திற்காகப் பயின்று கொண்டிருப்பவரும் இதில் அடங்குவர்.

2019-ல் திருத்தப்பட்ட விதிகளின்படி, 30 பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் ஸ்தாபனங்கள் தொழிற்பழகுநரைச் சேர்த்துக்கொள்வது கட்டாயம். ஒப்பந்தத் தொழிலாளரையும் சேர்த்து எண்ணிய மொத்தத் தொகையில் 2.5 சதவீதத்திற்குக் குறையாமலும், 15 சதவீதத்திற்கு மேற்படாமலும் எடுத்துக்கொள்ள வேண்டும். 200 பேர் வேலை செய்யும் ஒரு தொழிற்சாலையை எடுத்துக்கொண்டால், 5 முதல் 30 வரை பழகுநர் அங்கே இருக்க வேண்டும். உதவித்தொகையின் கீழ்வரம்பும் அதே விதிகளில் நிர்ணயிக்கப்பட்டது: பட்டதாரிக்கு மாதம் 9,000 ரூபாய், டிப்ளமாக்காரருக்கு 8,000, ஐ.டி.ஐ. தேறியவருக்கு 7,000. இத்தொகையை 36 சதவீதம் உயர்த்தலாம் என்று மத்தியத் தொழிற்பழகுநர் கவுன்சில் 2025 மே மாதத்தில் சிபாரிசு செய்தது. ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் நாளில் அமலிலுள்ள தொகை எதுவென்று விசாரித்துக்கொள்வது ஒவ்வொருவரின் கடமை.

முதலாளி மட்டுமே இப்பாரத்தைச் சுமக்க வேண்டுமென்றும் இல்லை. தேசியத் தொழிற்பழகுநர் பயிற்சித் திட்டத்தின் கீழ், பட்டதாரிகளுக்கும் டிப்ளமாக்காரருக்கும் உரிய குறைந்தபட்ச உதவித்தொகையில் பாதியை மத்திய சர்க்கார் ஏற்றுக்கொள்கிறது. தென்மாநிலங்களுக்கு இதைக் கவனிக்கும் வாரியத்தின் அலுவலகம் எங்கோ டில்லியில் இல்லை. இரும்புலியூரிலிருந்து பஸ் ஏறினால் போய்ச் சேரக்கூடிய தரமணியிலேயே இருக்கிறது. மற்றத் தொழில்களைப் பழகுவோருக்கு 2016-ல் தொடங்கிய இன்னொரு திட்டத்தின்படி, உதவித்தொகையில் கால் பங்கை, மாதம் 1,500 ரூபாய்க்கு மேற்படாமல், சர்க்கார் தருகிறது.

இவ்வளவு இருந்தும் நம் பட்டதாரிகள் ஊதியமற்ற இன்டர்ன்ஷிப்பைத் தேடி அலைவானேன்? இரண்டு பெயர்களுக்கும் உள்ள பேதம் அவர்களுக்கு எடுத்துச் சொல்லப்படாததே காரணம். ‘இன்டர்ன்’ என்பவரை அப்ரண்டீஸ் சட்டம் அறியாது. அவருக்குக் குறைந்தபட்ச ஊதியம் இத்தனை என்று அதில் வரம்பில்லை. ‘தொழிற்பழகுநர்’ என்பவரோ சட்டத்தின் குழந்தை. அவருடைய ஒப்பந்தம் எழுத்திலிருக்க வேண்டும். பதிவு செய்யப்பட வேண்டும். உதவித்தொகையை எண்ணிக்கை வேலைக்குக் கூலி என்ற கணக்கில் கொடுக்கலாகாது. வேலை செய்யும்போது காயமேற்பட்டால் நஷ்ட ஈட்டுக்கு வழியுண்டு. தகராறு எழுந்தால் தொழிற்பழகுநர் ஆலோசகரிடம் முறையிடலாம்; அவர் தீர்ப்பில் குறையிருந்தால் 30 நாட்களுக்குள் அப்பீல் செய்யலாம். இருவரும் ஒரே மேஜையில் ஒரே வேலையைச் செய்யக்கூடும். ஆயினும் ஒருவர் கையில் உரிமை இருக்கிறது. மற்றவர் கையில் வெறும் நம்பிக்கை இருக்கிறது.

சட்டத்தின் குறைகளையும் மறைப்பதற்கில்லை. பழகுநர் தொழிலாளி அல்லர் என்று சட்டம் ஸ்பஷ்டமாகக் கூறுகிறது. பயிற்சி முடிந்ததும் வேலை கொடுத்தாக வேண்டும் என்ற கட்டாயமும் முதலாளிக்கு இல்லை. எனினும் மற்றத் தகுதிகள் சமமாக இருக்குமிடத்தில், பயிற்சி பெற்றவருக்கு நேரடியாக வருபவரைக் காட்டிலும் முன்னுரிமை அளிக்க வேண்டும் என்று உத்தரப் பிரதேச அரசுப் போக்குவரத்துக் கழக வழக்கில் சுப்ரீம் கோர்ட் 1995-ல் சொன்னது. இன்னொரு குறை, அபராதத்தைப் பற்றியது. பழகுநரை எடுத்துக்கொள்ளாத முதலாளிக்கு இருந்த சிறைத் தண்டனை 2014-ல் நீக்கப்பட்டது. ஒவ்வொரு பழகுநர் குறைவுக்கும் முதல் மூன்று மாதம் மாதத்திற்கு 500 ரூபாய், அதன் பின் 1,000 ரூபாய் என்று அபராதம் வைக்கப்பட்டது. பட்டதாரிக்கு 9,000 கொடுப்பதினும் 1,000 அபராதம் கட்டுவது லாபம் என்று கணக்குப் போடும் முதலாளிக்கு அச்சட்டமே பென்சிலை எடுத்துக் கொடுத்ததாயிற்று! அபராதம் என்பது கடமையைச் செய்வதற்கு ஆகும் செலவைவிட அதிகமாக இருந்தாலன்றி எவரும் கடமையைச் செய்யமாட்டார் என்பது பாமரரும் அறிந்த நீதி.

சர்க்கார் வேறொரு முயற்சியும் செய்து பார்த்தது. 2024 ஜூலையில் பட்ஜெட்டில் அறிவிக்கப்பட்டு, அக்டோபரில் தொடங்கப்பட்ட பிரதம மந்திரி இன்டர்ன்ஷிப் திட்டத்தில், 21 முதல் 24 வயது வரையுள்ளோருக்கு நாட்டின் பெரிய கம்பெனிகளில் 12 மாதப் பயிற்சியும், மாதம் 5,000 ரூபாயும், ஒரு தடவை 6,000 ரூபாயும் என்று ஏற்பாடாயிற்று. ஐந்து வருஷங்களில் ஒரு கோடி வாலிபர் என்பது குறி. சோதனையின் முதற்சுற்றில் நேர்ந்ததைப் பாருங்கள். 1,27,000 இடங்கள் அறிவிக்கப்பட்டன. 82,000-க்கு மேற்பட்ட அழைப்புகள் போயின. ஏற்றுக்கொண்டவர் சுமார் 28,000. உண்மையில் போய்ச் சேர்ந்தவரோ 8,700-க்குச் சற்று அதிகம்! நம் வாலிபர் சோம்பேறிகள் என்று இதற்குப் பொருள் கொள்வது அறியாமை. ஊரை விட்டுத் தொலைவில், வாடகையும் சாப்பாடும் 5,000 ரூபாய்க்குள் அடங்குமா என்று அவர்கள் கணக்குப் பார்த்தார்கள், அடங்காது என்று கண்டார்கள், வீட்டிலேயே இருந்துவிட்டார்கள். பயிற்சிக்குப் படி மட்டும் போதாது. அது வீட்டிலிருந்து போய்வரும் தூரத்தில் இருக்க வேண்டும், அல்லது வெளியூரில் தங்கும் செலவுக்குப் போதுமானதாக இருக்க வேண்டும் என்பதே இதிலிருந்து பெறும் பாடம். புறநகர் மின்சார ரயிலின் வசதியுள்ள இரும்புலியூர் வாலிபருக்கு இவ்வகையில் ஒரு பாக்கியம் உண்டு. அதை அவர்கள் பயன்படுத்திக்கொள்ள வேண்டும்.

பிற தேசங்களிலும் இதே வாதம் நடந்து வருகிறது. 2015-ல் ஜினீவாவில் ஐக்கிய நாடுகள் சபையில் ஊதியமின்றிப் பயிற்சி பெற்ற ஒரு வாலிபர் ஏரிக்கரையில் கூடாரமடித்துத் தங்கிய செய்தி உலகமெங்கும் பேசப்பட்டது. உலகத்துக்கு நியாயம் சொல்லும் சபையின் வாசலிலேயே இப்படி! பிரான்ஸில் இரண்டு மாதத்திற்கு மேற்பட்ட பயிற்சிக்கு ஊதியம் கட்டாயம். ஜெர்மனியில் 2015-ல் அமலுக்கு வந்த குறைந்தபட்ச ஊதியச் சட்டம், பாடத்திட்டத்தின் கட்டாயப் பகுதியல்லாத பயிற்சி மூன்று மாதத்தைத் தாண்டினால் அதற்கும் பொருந்தும். அமெரிக்க ஜனாதிபதியின் வெள்ளை மாளிகையிலேயே 2022-ல்தான் பயிற்சியாளருக்கு ஊதியம் கொடுக்கத் தொடங்கினார்கள். ஆகவே ஊதியம் கேட்பது மரியாதைக் குறைவு என்று நம் வாலிபர் கூச வேண்டியதில்லை.

ஊருக்கு உபதேசம் செய்யும் நாம், நம் சொந்தத் தொழிலையும் கவனிக்காமல் விடலாகாது. வக்கீல் தொழிலில் ஜூனியருக்கு ஒன்றும் கொடாமலிருப்பது நெடுநாளைய சம்பிரதாயம். ‘நாங்களும் இப்படித்தான் வளர்ந்தோம்’ என்பது சீனியர்கள் சொல்லும் சமாதானம். மாமியார் பட்ட கஷ்டத்தை மருமகளும் படட்டும் என்பது எந்தச் சாஸ்திரம்? 2024 ஜூனில் சென்னை ஹைகோர்ட், சென்னை, மதுரை, கோயம்புத்தூர் நகரங்களில் ஜூனியர் வக்கீல்களுக்கு மாதம் 20,000 ரூபாயும் மற்ற இடங்களில் 15,000 ரூபாயும் குறைந்தபட்ச உதவித்தொகையாக அளிக்கும்படி சுற்றறிக்கை அனுப்புமாறு தமிழ்நாடு, புதுச்சேரி பார் கவுன்சிலுக்கு உத்தரவிட்டது. அதே வருஷம் அக்டோபரில் இந்தியப் பார் கவுன்சிலும் நகர்ப்புறத்திற்கு 20,000, கிராமப்புறத்திற்கு 15,000 என்று சிபாரிசு செய்தது. சிபாரிசு என்பது சிபாரிசுதான். அதை நிறைவேற்றுவது சீனியர்களின் மனச்சாட்சியைப் பொறுத்தது. பிறருடைய உரிமைக்காகக் கோர்ட்டில் வாதாடுவோர், தம் அறையில் உட்கார்ந்து குறிப்பெழுதும் இளைஞருடைய உரிமையை மறப்பது அழகன்று.

இனி வாலிபர் செய்ய வேண்டியவற்றைச் சுருக்கமாகக் கூறுவோம். முதலாவது, மத்திய சர்க்காரின் தொழிற்பழகுநர் இணையதளத்தில் கடைசி வருஷப் படிப்பின்போதே பெயரைப் பதிந்துகொள்ளுங்கள். பாங்குக் கணக்கும் ஆதார் அட்டையும் ஒன்றோடொன்று இணைந்திருப்பது முக்கியம். மாநில சர்க்கார் 2022 மார்ச்சில் தொடங்கிய ‘நான் முதல்வன்’ திட்டத்தையும் கலாசாலை மூலம் விசாரியுங்கள். இரண்டாவது, விளம்பரத்திற்காகக் காத்திராதீர்கள். போய்வரக்கூடிய தூரத்தில் 30 பேருக்கு மேல் வேலை செய்யும் ஸ்தாபனங்களை ஒரு ஜாபிதாவாக எழுதி, ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே கடிதம் அனுப்புங்கள். அக்கடிதத்தில் ‘இன்டர்ன்ஷிப் கொடுங்கள்’ என்று பொதுவாகக் கேளாமல், ‘அப்ரண்டீஸ் சட்டப்படி பட்டதாரிப் பழகுநராகச் சேர விரும்புகிறேன், உதவித்தொகையில் சர்க்காரின் பங்கும் உண்டு’ என்று எழுதுங்கள். பல சிறு முதலாளிகளுக்கு இவ்விவரமே தெரியாது. உங்கள் கடிதம் அவர்களுக்கும் உபகாரமாகும். மூன்றாவது, ஒப்பந்தத்தைப் படித்துப் பாராமல் கையெழுத்திடாதீர்கள். உதவித்தொகை எவ்வளவு, எந்தத் தேதியில் பாங்கில் சேரும், வேலை நேரம், விடுமுறை, யார் மேற்பார்வையில் என்ன கற்றுக்கொடுப்பார்கள் என்பவை எழுத்தில் இருக்க வேண்டும். நான்காவது, ‘டிபாசிட்’, ‘ரிஜிஸ்திரேஷன்’, ‘பயிற்சிக் கட்டணம்’ என்று எப்பெயரிட்டுப் பணம் கேட்டாலும் அந்தப் படியேறாதீர்கள். நேர்மையான ஸ்தாபனம் பயிற்சியாளருக்குக் கொடுக்குமேயன்றி அவரிடமிருந்து வாங்காது.

கலாசாலைகளுக்கு ஒரு வார்த்தை. அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் கவுன்சில் 2018-ல் வெளியிட்ட மாதிரிப் பாடத்திட்டம் அலுவற்பயிற்சியை எஞ்சினீயரிங் படிப்பின் ஓர் அங்கமாக்கிற்று. நல்ல ஏற்பாடு. ஆனால் பயிற்சியைக் கட்டாயமாக்கிவிட்டு, இடம் தேடும் பொறுப்பை மாணவர் தலையிலேயே போட்டால், சர்டிபிகேட் வியாபாரிகளுக்குத்தான் கொண்டாட்டம். பணம் வாங்கிக் கொடுக்கும் சர்டிபிகேட்டுக்கு மார்க் கிடையாது என்று ஒவ்வொரு கலாசாலையும் நோட்டீஸ் பலகையில் ஒட்டுமாயின் அவ்வியாபாரத்தில் பாதி ஒரே வருஷத்தில் படுத்துவிடும்.

முதலாளிகளுக்கும் சர்க்காருக்கும் நாம் கூறுவது இதுவே. தாம்பரத்தைச் சுற்றியுள்ள ஒவ்வொரு ஸ்தாபனமும் தன் 2.5 சதவீதத்தை அக்கம் பக்கத்து ஊர்களின் வாலிபரைக் கொண்டு பூர்த்தி செய்யட்டும். எத்தனை பேரை எடுத்தது, எவ்வளவு கொடுத்தது என்பதை வருஷந்தோறும் வெளியிடட்டும். சர்க்கார் அபராதத்தை உதவித்தொகைக்கு மேலாக உயர்த்தி, ‘இன்டர்ன்’ என்ற பெயரில் ஒரு மாதத்திற்கு மேல் வேலை வாங்கினால் அதற்கும் குறைந்தபட்ச ஊதியம் உண்டு என்று சட்டம் செய்யட்டும். பெயரை மாற்றிச் சட்டத்திலிருந்து தப்பும் வழி அப்போது அடைபடும்.

பட்டம் பெற்ற வாலிபர் யாசகம் கேட்கவில்லை, தானம் கேட்கவில்லை. உழைக்கச் சித்தமாயிருக்கிறோம், உழைக்கும் காலத்தில் உண்ண வழி செய்யுங்கள் என்று கேட்கிறார்கள். இதைக்கூடக் கொடுக்க மறுக்கும் ஒரு தேசம், தன் இளைஞரைப் படிக்க வைத்ததற்கு என்ன அர்த்தம்? கேட்பது அவர்கள் உரிமை. கொடுப்பது நம் கடமை. கேட்பவர்கள் கூசாமல் கேட்கட்டும். கொடுக்க வேண்டியவர்கள் நாளை என்று தள்ளாமல் இன்றே கொடுக்கட்டும்.